கணக்கில் வராத கடைகள்

சென்னையில் கடைத்தெரு என்றால் தி.நகர் என்பார்கள், புரசைவாக்கம் என்பார்கள். மொத்த வியாபாரத்துக்குச் சவுகார்பேட்டை என்பார்கள். புளியந்தோப்பு என்று யாரும் சொல்வதில்லை. அந்தப் பெயர் செய்தியில் வந்தால் பெரும்பாலும் குற்றச் செய்தியாக வரும். மழைக்காலமாக இருந்தால் தண்ணீர் தேங்கிய செய்தியாக வரும். ஊரில் வேறு எங்கும் எளிதில் கிடைக்காத பொருளைத் தேடி, அடையாற்றிலிருந்தும் அண்ணா நகரிலிருந்தும் ஆட்கள் இங்கே வருகிறார்கள் என்பது செய்தியாவதில்லை.

ஒரு சனிக்கிழமை காலை முதல் இரவு வரை புளியந்தோப்பிலும், அதை ஒட்டிய பட்டாளத்திலும், பிறகு கணேசபுரம் சுரங்கப்பாதையைத் தாண்டி வியாசர்பாடியிலும் கடை கடையாக ஏறி இறங்கினோம். பெயர்ப்பலகை இருந்த கடைகள் குறைவு. வீட்டின் முன்னறை ஒரு கடை. மாடிப்படிக்கு அடியில் உள்ள இடுக்கு ஒரு கடை. தள்ளுவண்டி நிற்கும் இடம் ஒரு கடை. நாம் பார்த்த கடைக்காரர்களில் பெரும்பாலோர் அதே தெருவில் பிறந்து வளர்ந்த தலித் மக்கள். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் இங்கே தரவில்லை.

மில் மூடிய பிறகு

இங்கே இத்தனை கடைகள் வந்ததற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. பெரம்பூரில் இருந்த பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளை மக்கள் 'பின்னி மில்' என்றே அழைத்தார்கள். இந்தியாவின் தொடக்ககாலத் தொழிற்சங்கங்களில் முக்கியமான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-ல் அந்த ஆலைத் தொழிலாளர்களை வைத்துத்தான் பிறந்தது. 1921-ல் நடந்த நீண்ட வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். அதையொட்டி மூண்ட மோதலில் புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அப்போது ஆதிதிராவிடர் தரப்பை எடுத்துச் சொன்னவர் எம்.சி.ராஜா. தொழிலாளர் வரலாற்றில் இன்றும் பேசி முடியாத அத்தியாயம் அது.

அந்த மில் 1996-ல் மூடப்பட்டது. இப்பகுதியில் இரண்டு மூன்று தலைமுறைகளுக்குச் சோறு போட்ட கதவு அது.

"எங்க அப்பா மில்லுல தறி ஓட்டுனாரு. நானும் உள்ள போயிடுவேன்னுதான் பத்தாவதோட நின்னேன். மில்லு நின்னுபோச்சு. அதுக்கு அப்புறம் இந்தத் தெருவுல எவனும் யாருக்கும் வேலை குடுக்கல. நாங்களே ஏதோ ஒண்ணு போட்டு உட்கார்ந்தோம்" என்றார் பட்டாளத்தில் சைக்கிள் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர். அப்படிப் போட்டு உட்கார்ந்தவைதான் இந்தக் கடைகள்.

திரும்பி வரும் புறா

நாம் முதலில் ஏறியது புறாக் கடை. பத்துக்குப் பத்து அறை. சுவர் முழுக்கக் கம்பிவலைக் கூண்டுகள். கர்ணமடிக்கும் கர்ணப்புறா, பந்தயத்துக்குப் பறக்கும் ஹோமர் என்று வகை வகையாக இருந்தன. வாசலில் மூட்டை பிரித்த கம்பு, சோளம், பட்டாணி. காலில் மாட்டும் வளையங்கள் ஒரு டப்பாவில். பத்து ரூபாய்க்குத் தீனி கேட்டுப் பள்ளிச் சீருடையில் ஒரு சிறுவன் நின்றிருந்தான்.

கடைக்காரர் முன்பு துறைமுகத்தில் சுமை தூக்கியவர். முதுகு போன பிறகு, பொழுதுபோக்காக வளர்த்த புறாவே பிழைப்பானது. வடசென்னையில் புறா வளர்ப்பது பெரிய விஷயம். மொட்டை மாடி இல்லாதவர்கள்கூட ஓட்டுக்கு மேல் பெட்டி கட்டி வளர்ப்பார்கள்.

"ஹோமர் இருக்குதே, அது எங்க வளர்ந்துச்சோ அங்கதான் வரும். எத்தனை மைல் தள்ளிப் போய் விட்டாலும் வரும்" என்றவர் ஒரு சம்பவம் சொன்னார். கால்வாய்க் கரையில் வீடு இடிபட்டு, பெரும்பாக்கம் அடுக்குமாடிக்கு அனுப்பப்பட்ட பையன் ஒருவன் தன் ஆறு புறாக்களையும் கையோடு எடுத்துப் போனான். இருபது நாள் கூண்டில் வைத்துப் பழக்கிவிட்டுத் திறந்தான். அடுத்த நாள் நான்கு புறாக்கள் இங்கே வந்துவிட்டன. வீடு இல்லை. இவர் கடை ஓட்டின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டன. பையன் பேருந்து பிடித்து வந்து அழைத்துப் போனான். மறுபடியும் வந்தன. "மூணாவது தடவை அவனே, அண்ணே நீயே வெச்சுக்கோன்னுட்டான்."

பதினைந்து கிராம் கணக்கு

அடுத்த தெருவில் கேரம் போர்டு கடை. நடத்துபவர் ஐம்பதைத் தாண்டிய அக்கா. கணவர் இருந்தபோது அவர் பலகை அறுப்பார், இவர் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார். அவர் காலமாகிப் பத்து வருடங்களாகின்றன. இப்போது இரண்டு வேலையையும் இவரே செய்கிறார். தேய்ந்த பலகையை மெருகேற்றுவது, மூலைப் பையை மாற்றுவது, வெடித்த சட்டத்தை ஒட்டுவது என எல்லாம் நடக்கிறது. 9 கறுப்பு, 9 வெள்ளை, ஒரு சிவப்பு என 19 காய்களில் ஒன்று தொலைந்துபோனால் அந்த ஒன்றை மட்டும் தேடி எடுத்துக் கொடுப்பார். முழுப் பெட்டியையும் வாங்கச் சொல்ல மாட்டார். அதற்காகவே நுங்கம்பாக்கத்திலிருந்து வந்திருந்தார் ஒருவர்.

மேசை மேல் நகைக்கடையில் இருப்பது போன்ற சிறு எடைக்கருவி இருந்தது. எதற்கு என்று கேட்டோம். "ஸ்ட்ரைக்கர் பதினைஞ்சு கிராமுக்கு மேல இருந்தா போட்டியில சேர்த்துக்க மாட்டாங்க. என்கிட்ட வாங்கிட்டுப் போய் ஒரு புள்ளை திரும்பி வரக் கூடாது இல்ல?" என்றார்.

கேரம் இந்தப் பக்கத்துக்குச் சும்மா வந்த ஆட்டம் இல்லை. மைதானம் வேண்டாம், காலணி வேண்டாம். ஒரு பலகையும் ஒரு விளக்கும் போதும். மன்றங்களில் இரவு முழுக்க ஆடி வளர்ந்தவர்கள் உண்டு. இரண்டு முறை உலகச் சாம்பியனான மரிய இருதயம் சென்னைக்காரர். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்ற காசிமா வடசென்னையின் உழைக்கும் குடும்பத்துப் பெண். அந்த வெற்றிச் செய்தி வந்த வாரம், பெண் குழந்தைகளுக்கென்று போர்டு கேட்டு வந்தவர்கள் திடீரென்று கூடிவிட்டார்கள் என்றார் அக்கா.

சட்டத்துக்குள் பாபாசாகேப்

படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் கடைக்குப் போனபோது நண்பகல். நீலக் கோட்டில் அம்பேத்கர், புத்தகத்தோடு அம்பேத்கர், புத்தருக்கு அருகே அம்பேத்கர். பெரியார், அயோத்திதாசர், இரட்டைமலை சீனிவாசன் படங்களும் இருந்தன. நடுநடுவே இந்தத் தெருவில் இறந்துபோனவர்களின் படங்கள், மாலை போடக் காத்திருந்தன.

ஏப்ரல் 14-க்கும் டிசம்பர் 6-க்கும் முந்தைய இரண்டு வாரங்கள்தான் இவருக்குப் பண்டிகைக் காலம். வருட வருமானத்தில் பாதி அந்த நான்கு வாரங்களில் வந்துவிடும். கல்யாண வீட்டுக்கு அன்பளிப்பாக அம்பேத்கர் படம் கொடுக்கும் வழக்கமும் இப்போது கூடியிருக்கிறது என்றார்.

சில வருடங்களுக்கு முன்பு பெரிய சாலையில் ஒரு கடை வாடகைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போயிருக்கிறார். முன்பணம் பேசி முடிந்தது. கடைசியில் கட்டட உரிமையாளர், "எந்த ஏரியா நீங்க?" என்று கேட்டிருக்கிறார். தெருப் பெயரைச் சொன்னதும், "என் சொந்தக்காரர் ஒருத்தர் கேட்டிருந்தாரு, மறந்தே போயிட்டேன்" என்று முடித்துக்கொண்டார். "சாதியைக் கேட்கவே இல்ல சார். தெருவைக் கேட்டா போதும், எல்லாம் வந்துடும்."

கடை வைப்பதில் சாதி குறுக்கே நிற்பது இன்று நேற்று நடப்பதில்லை. வெளிநாட்டில் பொருளாதாரம் படித்துத் திரும்பிய பாபாசாகேப் பம்பாயில் பங்கு வணிக ஆலோசனைத் தொழில் ஒன்றைத் தொடங்கிப் பார்த்தார். ஆலோசனை சொல்பவர் தீண்டத்தகாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுபோனார்கள். தொழிலை மூட வேண்டியதாயிற்று. அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் குறித்து வைத்திருக்கும் செய்தி இது. நாம் இதைச் சொன்னதும் பெரியவர் சுவரில் இருந்த படத்தை நிமிர்ந்து பார்த்தார். "அவருக்கேவா?" என்றார்.

யார் அடிப்பது?

தெரு முனையில் தோல் காயும் வாடை. அண்ணன் தம்பி இருவர் நடத்தும் வாத்தியக் கடை. டோலக்குக்குத் தோல் மாற்றுகிறார்கள், டிரம் செட் பழுது பார்க்கிறார்கள், பறை கட்டுகிறார்கள். வேப்பமரச் சட்டத்தில் புளியங்கொட்டைப் பசை தடவி, கன்றுத்தோலை இழுத்து ஒட்டுவது அப்பா சொல்லிக் கொடுத்த முறை. இப்போது பாதிக்கு மேல் செயற்கைத் தோல்தான் போகிறது. நெருப்பில் காட்ட வேண்டாம், மழைக்கும் அஞ்ச வேண்டாம்.

பறை கேட்டு வருபவர்களின் முகம் மாறிவிட்டது என்கிறார்கள். கல்லூரி மாணவிகள் வருகிறார்கள், கணினி நிறுவன ஊழியர்கள் வருகிறார்கள். மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டதும் விசாரிப்பு இன்னும் கூடியது.

ஆனால் இந்தக் கடைக்குள்ளேயே ஒரு வழக்கு தீராமல் கிடக்கிறது. தம்பி சாவு வீடுகளுக்கு வாசிக்கப் போகிறார். அண்ணன் போவதில்லை. "எங்க தாத்தாவை ஊர்ல கட்டாயப்படுத்தி அடிக்க வெச்சாங்க. நான் செஞ்சு விக்கிறதோட சரி" என்பது அண்ணனின் நிலை. தம்பி விடவில்லை. "இங்க செத்தவரு நம்ம ஆளு, கூப்பிடுறவரு நம்ம ஆளு, கூலி பேசித்தான் போறேன். புடிக்கலைன்னா வரமாட்டேன்னு சொல்றதுக்கு எனக்கு வாய் இருக்குது. தாத்தாவுக்கு அது இல்ல." இருவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாக நமக்குப் பட்டது. அவர்கள் நம்மிடம் தீர்ப்புக் கேட்கவில்லை.

பலகை இல்லாத கடை

மாலை ஐந்து மணிக்கு ஆடுதொட்டிப் பக்கம் அடுப்புகள் பற்றுகின்றன. மாநகராட்சி இறைச்சிக்கூடம் இருப்பதால் இறைச்சி, குடல், ஈரல், கால் என எதுவும் வீணாகாமல் அந்தந்தக் கைக்குப் போய்ச் சேரும் இடம் இது. தள்ளுவண்டியில் மாட்டிறைச்சி வறுவலும் போட்டியும் விற்கும் அக்காவின் வண்டியைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். வண்டியில் எந்த எழுத்தும் இல்லை.

"எழுதலாம்தான். எழுதினா ஒருத்தன் வந்து ஏன் எழுதினேன்னு கேட்பான். எழுதாமயே தேடி வராங்க. இங்க சாப்பிட்டுட்டு வாசனை போறதுக்குப் பாக்கு வாங்கிப் போட்டுட்டு வீட்டுக்குப் போற ஆளுங்களும் இருக்காங்க" என்று சிரித்தார். கையில் இருந்த பணத்தை வைத்துக் கடை பிடிக்கப் பார்த்திருக்கிறார். "அசைவம் கூடாது" என்றார்கள் சிலர். "அசைவம் பரவாயில்லை, அது மட்டும் கூடாது" என்றார்கள் சிலர்.

'அது மட்டும் கூடாது' என்ற பேச்சு வாடகைக் கடையோடு நிற்பதில்லை. 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் அறிவித்த பிரியாணித் திருவிழாவில் மாட்டிறைச்சி பிரியாணிக்கு இடம் தரப்படவில்லை. எதிர்ப்பு எழுந்தது. தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. மழையைக் காரணம் காட்டித் திருவிழா தள்ளிவைக்கப்பட்டது. எந்த உணவுக்கு மேசை போடலாம் என்று முடிவெடுப்பவர் யார் என்பதே அங்கும் கேள்வி, இந்த வண்டியிலும் கேள்வி.

இரண்டாவது முறை போட்ட கடை

இருட்டிய பிறகு சுரங்கப்பாதை வழியாக வியாசர்பாடிக்கு வந்தோம். பெருமழை பெய்தால் இந்தப் பாதை மூழ்கும்; அன்று இரண்டு பக்கத்துக் கடைக்காரர்களுக்கும் வியாபாரம் பாதியாகிவிடும்.

வியாசர்பாடிக்கு வந்துவிட்டு அத்தோ சாப்பிடாமல் போனால் வந்ததாகக் கணக்கில்லை. மஞ்சள் நூடுல்ஸில் முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள் போட்டுக் கையாலேயே பிசைந்து, நொறுங்கும் பேஜோவை மேலே தூவித் தருகிறார்கள். பக்கத்தில் சுடச்சுட வாழைத்தண்டு சூப்.

1962-ல் பர்மாவில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் கடைகளும் நிறுவனங்களும் அரசுடைமையாயின. கையில் கிடைத்ததோடு கப்பலேறி வந்த தமிழர்களில் ஒரு பகுதியினர் வியாசர்பாடியில் குடியமர்ந்தார்கள். கடை வைத்திருக்கும் இளைஞர் மூன்றாம் தலைமுறை. தாத்தா ரங்கூனில் சின்னப் பெட்டிக்கடை வைத்திருந்தாராம். "ஒரே நாள்ல கடை போச்சு. இங்க வந்து ஒரு அடுப்பு, ஒரு பெஞ்சு போட்டாரு. போட்ட எடத்துல இருந்து யாரும் எழுப்பலை. அதனாலதான் நாங்க இருக்கோம்" என்றார்.

தண்டல் நூறு நாள்

நாம் பேசிய எல்லாக் கடைகளிலும் சொல்லி வைத்தாற்போல் வந்த ஒரு சொல், தண்டல். பத்தாயிரம் ரூபாய் கடன் என்று பேச்சு. கையில் வருவது 8,500. தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். கட்டக் கட்ட அசல் குறைவதையும் சேர்த்துப் பார்த்தால் இந்த வட்டி ஆண்டுக்கு நூறு சதவீதத்தைத் தாண்டும். ஆனால் தண்டல்காரர் பத்திரம் கேட்பதில்லை. கடை வாசலுக்கே வந்து தருகிறார், வந்து வாங்கிக்கொள்கிறார்.

அரசுத் திட்டங்கள் இல்லாமல் இல்லை. 1974 முதல் தாட்கோ இருக்கிறது. 2023-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியம் உண்டு. உச்சவரம்பு ஒன்றரைக் கோடி ரூபாய். வரவேற்க வேண்டிய திட்டம்தான். ஆனால் திட்ட அறிக்கையும் விலைப்புள்ளியும் வங்கியின் சம்மதமும் கேட்கும் இடத்தில், மாடிப்படிக்கு அடியில் இருக்கும் கேரம் கடை எதை எடுத்து நீட்டும்? இந்தக் கடைகளுக்குத் தேவைப்படுவது கோடி இல்லை. இருபதாயிரம், முப்பதாயிரம். அதுவும் காலையில் கேட்டால் மாலையில் வேண்டும்.

தெருவோர வியாபாரிகளுக்கு 2014-ல் வந்த மத்தியச் சட்டம் ஓரளவு பாதுகாப்புத் தருகிறது. கணக்கெடுப்பு முடியும்வரை வெளியேற்றக் கூடாது, வியாபாரக் குழுவில் வியாபாரிகளின் பிரதிநிதிகள் 40 சதவீதம் இருக்க வேண்டும் என்கிறது. தள்ளுவண்டி அக்காவுக்கு அது உதவலாம். வீட்டின் முன்னறையிலேயே கடை வைத்திருப்பவருக்கு உதவாது. சட்டத்தின் பார்வையில் அவர் இருப்பது தெருவில் இல்லை, வீட்டில்.

ஒரு கட்டம் போதும்

அந்த வீடு போனால் என்ன ஆகும் என்பதுதான் இப்போது தெருவில் உள்ள பயம். 1970-ல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. பெயரில் 'வாழ்விடம்' வந்துவிட்டது. வாழ்வதற்கு வீடு மட்டும் போதாது என்பது இன்னும் கணக்கெடுப்பில் வந்து சேரவில்லை. நீர்நிலை ஓரம் என்று அகற்றப்பட்டுக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் போனவர்களுக்கு வீடு கிடைத்தது. புளியந்தோப்பிலிருந்து பெரும்பாக்கம் சுமார் 30 கிலோமீட்டர். எட்டாவது மாடியில் கேரம் பலகை அறுக்க முடியுமா? தோல் காய வைக்க முடியுமா? அங்கே சாமான் கொண்டுபோய் இறக்கினாலும், ஐம்பது வருடப் பழக்கத்தில் தேடி வரும் வாடிக்கையாளரை எந்த லாரியில் ஏற்றுவது?

பெரிய கோரிக்கை எதையும் இவர்கள் வைக்கவில்லை. வீடு அகற்றும் முன் எடுக்கும் கணக்கில் அந்த வீட்டில் நடக்கும் தொழிலையும் எழுதுங்கள். புதிதாகக் கட்டும் குடியிருப்பில் தரைத்தளத்தில் கடைகளுக்கு இடம் விட்டு, ஏற்கெனவே கடை வைத்திருந்தவருக்கு முதல் உரிமை கொடுங்கள். முடிந்தவரை அதே பகுதியிலேயே குடியமர்த்துங்கள். தண்டலுக்கு மாற்றாக, பத்திரம் கேட்காத சிறு கடனை வாசலுக்குக் கொண்டுவாருங்கள்.

திரும்பும் வழியில் கேரம் கடையில் இன்னும் விளக்கு எரிந்தது. அக்கா ஒரு பலகைக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தார். சில மாதங்களுக்கு முன்பு யாரோ படிவத்தோடு கணக்கெடுக்க வந்தார்களாம். ரேஷன் அட்டை, ஆதார், வீட்டில் எத்தனை பேர் என்று எழுதிக்கொண்டார்கள். அக்கா தானாகவே, "தொழில் இங்கதான் சார், எழுதிக்குங்க" என்று பலகைகளைக் காட்டியிருக்கிறார்.

"அந்த சார் நல்ல மனுஷன்தான். பேப்பரை முன்னாடியும் பின்னாடியும் திருப்பிப் பார்த்தாரு. எழுதறதுக்குக் கட்டம் இல்லம்மான்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."